ஏத்தியாச்சா?

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணி வாக்கில் வெளியூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போன் செய்பவர்கள் நலம் விசாரிப்பதில்லை. எடுத்தவுடன் ஒரே சொல்: "ஏத்தியாச்சா?" எதை என்று கேட்பவரும் சொல்வதில்லை, பதில் சொல்பவரும் கேட்பதில்லை. மறுநாள் காலை அதே ஊர்ப் பேருந்து நிலையத்தில், மாமியாரை வழியனுப்பப் போன மருமகனுக்கு வீட்டிலிருந்து அதே கேள்வி வரும். இப்போது ஏற்ற வேண்டியது மாமியாரை. அரசு மருத்துவமனை வார்டு வாசலில் கேட்டால் குளுக்கோஸ். நெல் மண்டி வாசலில் கேட்டால் மூட்டை.

ஆறு வயதுப் பிள்ளைக்கு இதில் எந்தக் குழப்பமும் கிடையாது. கணினிக்கு அறுபது ஆண்டுக் காலம் குழப்பம் இருந்தது. இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் இருக்கும் விஷயம்தான் இந்த அத்தியாயம்.

'ஏறு', 'ஏற்று' என்ற வினையை ஆராய வேண்டுமென்றால் திருவண்ணாமலையைவிடத் தோதான ஊர் கிடைக்காது. தீபத் திருவிழா கொடியேற்றத்தில் தொடங்குகிறது. பத்தாம் நாள் விடிகாலையில் கோயிலுக்குள் பரணி தீபம் ஏற்றுகிறார்கள். அதற்கு முன்பே ஆளுயரச் செப்புக் கொப்பரை, 2,668 அடி மலையின் உச்சிக்கு ஏற்றப்பட்டிருக்கும். நெய் டின்களும் திரிக்கான காடாத் துணியும் தோள் சுமையாக மேலே போகும். நெய் ஏறக்குறைய 3,500 கிலோ. தீபம் ஏற்றும் உரிமை பரம்பரையாகப் பருவதராஜ குலத்தாருக்கு உரியது. மாலையில் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போக, உச்சியில் சுடர் தெரியும். கொடியை ஏற்றினார்கள், கொப்பரையை ஏற்றினார்கள், தீபத்தை ஏற்றினார்கள். மூன்றுக்கும் ஒரே வினை. செயல்கள் வேறு வேறு. கொடி கயிற்றில் மேலே போகிறது. கொப்பரை மனிதர் தோளில் மேலே போகிறது. தீபம் எங்கும் போகவில்லை, இருக்கும் இடத்திலேயே எரியத் தொடங்குகிறது.

இவை ஒரே பொருளின் மூன்று சாயல்களா, மூன்று தனிப் பொருள்களா? மொழியியலாளர்களிடம் இதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. இரண்டு பெயர்களையும் ஒரே வினையில் கட்டிப் பார்ப்பது. "நெய்யையும் துணியையும் மலைக்கு ஏற்றினார்கள்" என்றால் காதில் உறுத்தவில்லை. "அமைச்சர் விளக்கையும் பால் விலையையும் ஏற்றினார்" என்றால் சிரிப்பு வருகிறது. சிரிப்பு வந்தால் இரண்டு பொருள் என்று கொள்ளலாம். நல்ல சோதனைதான், ஆனால் முழுக்க நம்ப முடியாது. "கொடியையும் தீபத்தையும் ஏற்றினார்கள்" என்றால் சிரிப்பு வருகிறதா? எனக்குப் பாதிதான் வருகிறது. இந்தப் பாதிச் சிரிப்பை மறந்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே போவதற்கு முன் போலிகளை விலக்கிவிட வேண்டும். 'ஏறு' என்றால் காளை என்றும் பொருள். சிவன் அதன் மேல் ஏறி வருகிறவர் என்பதால் இரண்டும் ஒன்று என்று தோன்றலாம். அகராதிகள் அப்படிக் கொள்வதில்லை, பெயரையும் வினையையும் தனித்தனியே வைக்கின்றன. இன்னொன்று 'ஏற்றார்'. "பதவி ஏற்றார்" என்பதும் "தீபம் ஏற்றினார்" என்பதும் ஒரே வேர் போலத் தெரியும். எதிர்காலத்துக்கு மாற்றுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்: பதவி ஏற்பார், தீபம் ஏற்றுவார். முன்னது 'ஏல்' என்ற வினை, பெற்றுக்கொள்வது, ஒப்புக்கொள்வது. உருவத்தில் மட்டும் ஒத்த இரண்டு சொற்கள் ஒருவகை. ஒரே சொல் கிளைவிட்டுப் பல பொருள் தருவது வேறு வகை. இந்த இரண்டாவதற்குத்தான் 1897-இல் பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ப்ரேயால் 'பாலிஸெமி' என்று பெயர் வைத்தார்.

அவருக்கு வெகு காலம் முன்பே தொல்காப்பியர் பல பொருள் ஒரு சொல்லைப் பற்றி யோசித்துவிட்டார். சொல்லதிகாரத்தில் அதை இரண்டாகப் பிரிக்கிறார். உடன் வரும் வினையால் பொருள் வேறுபட்டுத் தெரிவது ஒன்று, அப்படித் தெரியாதது மற்றொன்று. 'மா' பூத்தது என்றால் மரம், 'மா' ஓடியது என்றால் விலங்கு. 'மா' வீழ்ந்தது என்றால் இன்னும் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். இங்கே குழப்பம் பெயரில் இருக்கிறது, அதைத் தீர்த்துவைப்பது வினை. நம் கதையில் தலைகீழ். குழப்பம் வினையில், தீர்ப்பு பெயரின் கையில். தத்துவம் என்னவோ ஒன்றுதான்: சொல்லைத் தனியாக நிறுத்தி விசாரிக்காதே, கூட வந்தவரைப் பார். 1957-இல் ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் கிட்டத்தட்ட இதையே சொல்லப் போக, அது இன்றைய கணினி மொழியியலின் அடிக்கல் ஆகிவிட்டது. ஃபர்த் பஞ்சாபில் ஆசிரியராக இருந்தவர், தமிழ் ஒலிப்பைப் பற்றியும் எழுதியவர். தொல்காப்பியம் அவர் கண்ணில் பட்டிருக்குமா என்ற ஆசை எழுகிறது, ஆதாரமில்லாத ஆசைகளை வளர்க்கக் கூடாது.

இனி 'ஏறு' எங்கெல்லாம் போய்வருகிறது என்று பார்ப்போம். மலை ஏறுகிறோம், படி ஏறுகிறோம். உடம்பு உண்மையாகவே மேலே போகிறது. பஸ் ஏறுகிறோம், அங்கேயும் இரண்டு படி உண்டு. மேடை, அரியணை, கோர்ட்டுப் படி எல்லாம் இதே குடும்பம். அடுத்து விலை ஏறுகிறது, வெயில் ஏறுகிறது, வயசு ஏறுகிறது. எதுவும் இடம் பெயரவில்லை, அளவுதான் கூடுகிறது. 1980-இல் ஜார்ஜ் லேக்காஃபும் மார்க் ஜான்சனும் எழுதிய புத்தகம் இதற்கு ஒரு விளக்கம் தந்தது. குடத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்ற மட்டம் உயர்கிறது, நெல்லைக் கொட்டக் கொட்டக் குவியல் உயர்கிறது. 'அதிகம்' என்பதும் 'உயரம்' என்பதும் சேர்ந்தே கண்ணில் படுவதால் மனம் ஒன்றின் சொல்லை மற்றதற்குக் கொடுத்துவிடுகிறது. 'ஏறக்குறைய' என்று சற்றுமுன் நெய்க் கணக்கில் எழுதினேனே, அதிலும் இந்த ஏற்றம்தான்: கொஞ்சம் ஏற, கொஞ்சம் குறைய.

இதுவரை சரி. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் இந்த விளக்கம் தடுமாறுகிறது. குளுக்கோஸ் பாட்டில் கம்பியில் உயரத் தொங்குகிறது. மருந்து சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குகிறது. நாம் "குளுக்கோஸ் ஏறுது" என்கிறோம்! இறங்குகிற பொருளை ஏறுவதாகச் சொல்லும்போது, மேல்–கீழ் என்ற திசை இந்த வினையிலிருந்து எப்போதோ கழன்றுவிட்டது என்று தெரிகிறது. மிச்சம் இருப்பது 'உள்ளே போய் நிலைகொள்வது'. காலில் முள் ஏறுகிறது. பாம்புக் கடியில் விஷம் ஏறுகிறது. நூலில் சாயம் ஏறுகிறது, இரும்பில் துரு ஏறுகிறது, போனில் சார்ஜ் ஏறுகிறது. பாடம் மட்டும் மண்டையில் ஏறுவதில்லை. நாள் முழுக்கத் தரையில் படுத்தபடியே இரத்தம் ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னும் தள்ளிப் போனால் 'வெளியேறு', 'குடியேறு', 'முன்னேறு', 'நிறைவேறு'. இவற்றில் உயரமும் இல்லை, உள்ளே புகுவதும் இல்லை. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போய்ச் சேர்வது மட்டும் எஞ்சியிருக்கிறது. கிட்டத்தட்ட விகுதி மாதிரி ஆகிவிட்ட வினை. பெண்ணைக் "கரையேத்திட்டேன்" என்று சொல்லும் அப்பாவின் வாயில் மட்டும் இன்னும் ஓர் ஆறும் ஈரக் கரையும் இருக்கின்றன.

சரி, விளக்கை ஏன் 'ஏற்று'கிறோம்? குப்பையைக் கொளுத்துகிறோம், அடுப்பைப் பற்றவைக்கிறோம், பீடியையும் பற்றவைக்கிறோம், டியூப் லைட்டைப் போடுகிறோம். விளக்குக்கு மட்டும் 'ஏற்று'. இது இன்று நேற்று வந்த வழக்கல்ல. திருவண்ணாமலைக்குத் தெற்கே திருக்கோவலூர் இடைகழியில் மூன்று ஆழ்வார்கள் இருட்டில் நெருக்கி நின்ற கதை தெரிந்ததுதான். அதில் ஒருவரான பூதத்தாழ்வார் தம் அந்தாதியின் முதற் பாட்டில் விளக்குக்குப் பயன்படுத்தும் வினை 'ஏற்று'தான். சுடர் எந்தப் பக்கம் சாய்த்தாலும் மேல்நோக்கியே எழும் என்பது ஒரு காரணமாகலாம். மரியாதை இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். கொளுத்துவதில் அழிவு இருக்கிறது, ஏற்றுவதில் இல்லை.

மரியாதை இந்த வினையை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்பதற்கு நம் வீட்டுப் பூஜையறையே சாட்சி. விளக்கு 'அணைந்தது' என்று சொல்லக் கூடாது. "விளக்கு மலையேறிடுச்சு" என்பார்கள். அருள் வந்து ஆடியவர் ஓய்ந்தால் "சாமி மலையேறிடுச்சு". தெய்வம் தன் இருப்பிடமான மலைக்குத் திரும்பிவிட்டது என்ற கற்பனை, அமங்கலத்தைத் தவிர்க்கப் பிறந்த வழக்கு. ஆக, தமிழ்நாடு முழுக்க மலையேறிய விளக்கு அணைந்த விளக்கு. அண்ணாமலை தீபமோ மலையேறிய பிறகுதான் எரியவே தொடங்குகிறது, எரிந்தால் பதினோரு நாள். லேக்காஃபின் குடத்துத் தண்ணீரை வைத்து இதை ஊகிக்க முடியாது. "மானம் கப்பலேறிடுச்சு" என்பதையும் ஊகிக்க முடியாது. பொருள் கிளைவிடுவதில் ஒரு பகுதிக்குத்தான் தர்க்கம் உண்டு. மீதி பழக்கம், சமூகம், கூச்சம். கற்றுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கற்றுக்கொள்பவர்கள் இந்த ஊரில் நிறையவே இருக்கிறார்கள். ரமணாஸ்ரமத்தை ஒட்டிய தெருக்களில் பனிக்காலத்தில் காதில் விழும் பல மொழிகளில் ஸ்பானியமும் ஒன்று. 'ஏறு' என்ற சொல்லை ஒரு ஸ்பானியருக்குச் சொல்லிக்கொடுப்பது முதலில் வெகு சுலபம். அவர்களிடம் 'சுபிர்' இருக்கிறது. மலைக்கும் படிக்கும் சுபிர். பஸ்ஸுக்கும் சுபிர். விலை ஏறினால் சுபிர். வானொலியில் சத்தத்தை ஏற்றினாலும், இணையத்தில் படத்தை ஏற்றினாலும் சுபிர். திராட்சை மது தலைக்கு ஏறுவதும் அதே வினைதான். சொந்தபந்தம் எதுவும் இல்லாத இரண்டு மொழிகள் இவ்வளவு தூரம் ஒன்றாக நடப்பதைப் பார்த்தால், குடத்துத் தண்ணீர் விளக்கத்தின் மேல் மறுபடி மரியாதை வருகிறது.

ஒரு வேறுபாடு உண்டு. தானாக ஏறுவதற்கும் பிறிதொன்றை ஏற்றுவதற்கும் ஸ்பானியத்தில் ஒரே 'சுபிர்'. தமிழ் வல்லெழுத்தை இரட்டித்து இரண்டாக்கிவிடுகிறது: ஏறு–ஏற்று, மாறு–மாற்று, ஓடு–ஓட்டு. பிறகு விளக்கு வருகிறது, முள் வருகிறது, துரு வருகிறது, குளுக்கோஸ் வருகிறது. அங்கே சுபிர் உதவாது, ஒவ்வொன்றுக்கும் வேறு வினை தேட வேண்டும். பதிலுக்கு அவர்களிடம் நம்மிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: கோபம் முற்றியவர் 'சுவர்களில் ஏறுகிறார்'.

'சுபிர்' வந்த வழி இன்னும் வேடிக்கை. லத்தீனில் 'சுபிரே': 'சுப்' என்றால் கீழ், 'இரே' என்றால் போ. கீழே போவது, கீழிருந்து மேலே வருவது, சுமைக்குக் கீழே தோள் கொடுப்பது எல்லாம் அதில் அடங்கியிருந்தன. ஸ்பானியம் அதிலிருந்து மேலே வருவதை எடுத்துக்கொண்டது. பிரெஞ்சு சுமையை எடுத்துக்கொண்டது. இன்று அதே எழுத்துகளில் எழுதும் பிரெஞ்சு 'சுபீர்' என்றால் ஒன்றுக்கு ஆளாவது, படுவது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்துவிட்டு நூறு கிலோமீட்டர் சொச்சம் பயணம் செய்து திருவண்ணாமலைக்கு வந்து ஸ்பானியரோடு பேசினால், அவர் மலை 'சுபிர்' செய்தேன் என்பது மலையால் அவதிப்பட்டேன் என்று கேட்கும். வெயில் நேரத்தில் ஏறியிருந்தால் அதுவும் பொருத்தமே.

ஏன் ஒரே சொல்லின் தலையில் இத்தனை பொருளையும் கட்ட வேண்டும்? தனித்தனிச் சொல் வைத்துக்கொள்ளக் கூடாதா? 1945-இல் ஜார்ஜ் ஸிஃப் என்ற அமெரிக்கர் ஒரு கணக்கைக் கண்டார். ஒரு சொல் எவ்வளவு அடிக்கடி புழங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அதன் பொருள்களின் எண்ணிக்கை கூடுகிறது. நூறு மடங்கு அதிகம் புழங்கும் சொல்லுக்குப் பத்து மடங்கு பொருள். துல்லியமான விதி அல்ல, போக்கு. 'கொய்' என்ற வினை பூவோடும் கனியோடும் நின்றுவிட்டது, 'ஏறு' ஊர் சுற்றுகிறது. 2012-இல் ஸ்டீவன் பியான்டடோசியும் கூட்டாளிகளும் இதை ஒட்டி ஒரு வாதம் வைத்தார்கள். சூழலே பாதிப் பொருளைச் சொல்லிவிடும்போது, சொல்லும் அதையே திரும்பச் சொல்வது வீண். வாய்க்கு எளிதான சிறு சொற்களை மறுபடி மறுபடி பயன்படுத்துவதே சிக்கனம். இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. பலபொருளை மொழியின் கோளாறாகப் பார்க்கும் பள்ளிக்கூடப் பழக்கத்தை இது முறித்துப்போடுகிறது. சூழலே பொருளைச் சொல்லிவிடும் என்பதற்குத் திருவண்ணாமலையிலேயே சாட்சி உண்டு. 2024 டிசம்பர் முதல் தேதி, புயல் மழையில் மலையின் ஒரு பக்கம் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர் போயிற்று. பன்னிரண்டு நாள் கழித்து வந்த தீபத்துக்குப் பக்தர்கள் மலை ஏறத் தடை இருந்தது. அந்த வாரம் "ஏற விடறாங்களா?" என்று கேட்டவரிடம் 'எதில்' என்று யாரும் திருப்பிக் கேட்டிருக்க முடியாது.

சிக்கனம் பேசுபவருக்கு. கேட்பவரின் தலைக்குள் என்ன நடக்கிறது? 1979-இல் டேவிட் ஸ்வின்னி செய்த சோதனை இதில் புகழ்பெற்றது. ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவியும்கூட. பூச்சியைப் பற்றித்தான் பேச்சு என்று தெளிவாகத் தெரியும் வாக்கியத்தைக் காதில் ஓடவிட்டு, அந்தச் சொல் முடிந்த கணத்தில் திரையில் ஒரு சொல்லைக் காட்டினார். 'எறும்பு' மட்டுமல்ல, 'உளவாளி'யும் விரைவாக அடையாளம் காணப்பட்டது. இரண்டு பொருளும் ஒருங்கே விழித்திருந்தன. சில அசைகள் தள்ளிக் காட்டியபோது எறும்பு மட்டும் மிஞ்சியது. நமக்குத் தெரியாமலே எல்லாக் கதவும் திறந்து, கண்மூடித் திறப்பதற்குள் ஒன்றைத் தவிர மற்றவை சாத்தப்படுகின்றன.

'பக்' விஷயத்தில் பொருள்கள் ஒன்றுக்கொன்று தூரமானவை. கிளைவிட்ட பொருள்களுக்கு மூளை வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஜெனிஃபர் ராட் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உறவில்லாத இரண்டு பொருள் கொண்ட சொற்களை அடையாளம் காண நேரம் பிடிக்கிறது, உறவுள்ள பல பொருள் கொண்ட சொற்களோ மற்றவற்றைவிட விரைவாகவே அடையாளம் ஆகின்றன. காளைக்கும் மலைக்கும் உள்ள வேற்றுமை தொல்லை, மலைக்கும் விலைக்கும் உள்ள உறவு உதவி.

வினைக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை. மார்ட்டின் பிக்கரிங், ஸ்டீவன் ஃப்ரிஸன் இருவரும் ஆங்கிலம் படிப்பவர்களின் கண்ணசைவை அளந்து 2001-இல் எழுதினார்கள்: பலபொருள் வினை வந்தால் வாசகர் அங்கேயே முடிவெடுப்பதில்லை, பின்னால் வரும் பெயர்களுக்காகக் காத்திருக்கிறார். ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் வினை முன்னால், செயப்படுபொருள் பின்னால். தமிழில் வினை கடைசி. "விலைய வேற வழியில்லாம ஏத்திட்டாங்க" என்ற வாக்கியத்தில் 'விலை' வந்துவிட்டது, 'வேற வழியில்லாம' வந்துவிட்டது, அதற்கப்புறம்தான் 'ஏத்திட்டாங்க' வருகிறது. அது வரும்போது அதன் பொருள் ஏற்கெனவே தீர்மானமாகியிருக்கிறது. நம்மைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும் ஜப்பானியர்கள், பெயர்களும் வேற்றுமை உருபுகளும் வந்த உடனேயே அடுத்து என்ன வரும் என்று ஊகித்துவிடுகிறார்கள் என்பதை யுகி கமிதே குழுவினர் 2003-இல் கண்ணசைவைக் கொண்டே காட்டினார்கள்.

உருபு என்றால் சாதாரணம் இல்லை. "பையன லாரில ஏத்திட்டான்." "பையன் மேல லாரிய ஏத்திட்டான்." இரண்டிலும் அதே பையன், அதே லாரி, அதே ஏத்திட்டான். முதல் வாக்கியத்தில் பையன் ஊருக்குப் போகிறான். இரண்டாவதில் ஆம்புலன்ஸ் வருகிறது.

இந்த மாதிரி இடத்தில்தான் இயந்திரம் பல காலம் விழுந்து எழுந்தது. 1960-இல் யெஹோஷுவா பார்-ஹில்லெல், பெட்டி 'பென்'னுக்குள் இருக்கிறது என்ற ஓர் எளிய ஆங்கில வாக்கியத்தைக் காட்டி, அங்கே பென் எழுதுகோல் அல்ல, குழந்தை விளையாடும் அடைப்பு என்று எந்தக் கணினியும் கண்டுகொள்ளாது என்று வாதிட்டார். பெட்டி எவ்வளவு பெரிது என்ற உலக அறிவு அதற்கு வேண்டும் என்றார். அகராதிப் பொருளுக்கு எண் போட்டு, அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கக் கணினியைப் பழக்கும் முயற்சி அதன் பிறகும் நீண்டது. 1997-இல் ஆடம் கில்காரிஃப், அகராதிப் பணியிலேயே ஊறியவர், சொற்பொருள் என்று எண்ணிக்கையாகப் பிரித்துவைக்கத் தக்க ஒன்று இருப்பதாகத் தான் நம்பவில்லை என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பே கொடுத்தார். இருப்பவை பயன்பாடுகள், அகராதிக்காரர் தன் தேவைக்கு அவற்றைக் கத்தை கட்டுகிறார். கொடியையும் தீபத்தையும் ஏற்றியபோது வந்த பாதிச் சிரிப்புக்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி. கத்தையின் கட்டு அந்த இடத்தில் இறுக்கமாக இல்லை.

2013-இல் பரவிய சொல் திசையன் முறை, ஒவ்வொரு சொல்வடிவத்துக்கும் ஓர் எண் வரிசையைக் கொடுத்தது. ஃபர்த்தின் கூட்டாளிக் கொள்கைதான், ஆனால் மலையும் விலையும் முள்ளும் ஒரே வரிசைக்குள் கலந்து சராசரியாகிவிட்டன. தமிழில் ஏறினான், ஏறலை, ஏத்திட்டாங்க என ஒவ்வொரு வடிவமும் அதற்குத் தனிச் சொல் வேறு. 2018 வாக்கில் வந்த பெர்ட் போன்ற முறைகள் வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லின் எண் வரிசையை மாற்றிக் கணித்தன. பொருளை முன்கூட்டியே பட்டியல் போடாமல், கூட வந்த பெயரையும் உருபையும் பார்த்து அவ்வப்போது செய்துகொள்வது. கில்காரிஃப் சொன்னதற்கு நெருக்கமான வழி.

வினைக்குப் புதுப் பொருள் தருவது யார் என்பதில் மட்டும் நிபுணர்களின் கை அவ்வளவு நீளம் இல்லை. இணையத்தில் படம் போடுவதற்குக் கலைச்சொல் வேண்டும் என்றபோது 'பதிவேற்று' பிறந்தது. அழகான சொல். நாளிதழில் இருக்கிறது, அரசு இணையதளங்களில் இருக்கிறது. ஆனால் தீபத்தைப் படம் எடுத்த பையனிடம் அவன் அத்தை "பதிவேற்றிட்டியா?" என்று கேட்டு நான் கேட்டதில்லை. "போட்டுட்டியா?" என்றுதான் கேட்பாள். சுபிர் சிரமமில்லாமல் நுழைந்த இடத்தில் 'ஏற்று' தடுக்கி நிற்க, 'போடு' முந்திக்கொண்டது. அதற்கு 'போடு'வின் பின்கதை தெரிய வேண்டும். சோறு போடுவதும் சட்டை போடுவதும் சண்டை போடுவதும் முட்டை போடுவதும் ஒரே வினையில் எப்படி அடங்குகின்றன என்பதற்கு இந்த அத்தியாயத்தைப் போல இன்னொன்று வேண்டும்.